கோப்புக்குள் முனி வந்த கதை

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாயலாம் என்று இருந்தபோது போன் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த நில அளவை ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் கவிதாவாம், புதிதாக வந்த சர்வேயராம். பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

“சார், ஒரு ஃபைல்ல உங்க கையெழுத்துல ஒரு விளக்கம் இருக்கு. முனி, உச்சி வேளைன்னுலாம் எழுதியிருக்கீங்க. நெசமாவே நீங்கதான் எழுதுனீங்களா? கவர்மெண்ட் ஃபைல்ல முனி எப்படி சார் வந்தாரு?”

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன் என்று தோன்றியது. “எழுதியனுப்புறேம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் எனக்காவது தெளிவாகும் என்று ஓர் ஆசை. இத்தனை வருடமாக ஆகவில்லை.

நான் சிதம்பரத்துக்காரன். தேரோடும் நான்கு வீதிகளிலும் வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்து வேலை பழகினேன். பயிற்சி, பரீட்சை, மாற்றல் எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதைச் சொல்லி யாரையும் அறுக்க விரும்பவில்லை. பாதி சர்வீஸுக்கு மேல் கடலூரில் கழிந்தது. தினம் ரயிலில் போய் வந்தேன். கடைசியில் சிதம்பரத்துக்கே மாற்றலாகி, 2012இல் ஓய்வு பெற்றேன். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடே இல்லாத மனைகளுக்கு எல்லை காட்டும் வேலை பார்த்தோம். அதுதான் என் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான வேலையாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். ஆனால் என்னை மடக்கிப் போட்டது அது இல்லை, முழுசாக நின்றுகொண்டிருந்த ஒரு வீடு.

கடலூர் முதுநகரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவர் கட்டியது. கட்டி நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் அது ஒரு வீடா, இரண்டு வீடா என்றே சொல்ல முடியாது. ஒரே உயரம், ஒரே ஓடு, ஒரே மாதிரித் தூண்கள். ஆனால் நட்ட நடுவில் ஆறு அடி அகலத்துக்கு ஒரு வழி, முன்தெருவிலிருந்து பின்தெரு வரைக்கும் நாற்பது அடி நேராகப் போகிறது. அதற்குக் கதவில்லை, வாசல்படியில்லை, மேலே கூரையும் இல்லை. இரண்டு பக்கத்து ஓடுகளையும் வழிக்கு மேல் ஒரு விரல்கூட நீளாதபடி நறுக்கி நிறுத்தியிருந்தார்கள். மேற்குப் பாதியில் சமையலறை, தண்ணீர், கழிப்பிடம் எல்லாம். கிழக்குப் பாதியில் கூடமும் படுக்கை அறைகளும். மழைக்காலத்தில் சாப்பிடப் போக வேண்டுமென்றால் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டும்.

இது என்ன கூத்து என்றால், அது முனிப்பாய்ச்சல். அந்தக் காலத்தில் வீடு எடுக்கும்போது நடுச் சுவர் மூன்று தடவை விழுந்ததாம். குறி கேட்டதில், முனி தோப்பிலிருந்து ஆற்றுக்குப் போகிற தடம் இது, இதை மறித்தால் குடும்பம் விளங்காது என்று வந்ததாம். மண்டிக்காரர் மனையை விடவும் மனசில்லாமல், முனியைப் பகைக்கவும் துணிவில்லாமல், வீட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் அவருக்கு வழி விட்டுவிட்டார். உச்சி வேளையில் அந்த வீட்டார் வழியைக் குறுக்கே தாண்ட மாட்டார்கள். தெருக்காரர்களும் அதற்குள் கால் வைக்க மாட்டார்கள். எந்நேரமும் திறந்தே கிடந்தும் ஒரு சொம்பு களவு போனதில்லை என்பார்கள்.

2007இல் அந்த வீட்டுக்காரி ஒரு நோட்டீஸோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். ஸ்டெல்லா டீச்சர். ஓய்வு பெற்றவர். மண்டிக்காரரின் பேரன்களிடமிருந்து வீட்டை வாங்கியது இவருடைய அப்பா. டீச்சரும், படுத்த படுக்கையாக இருந்த அக்கா மேரியும் மட்டும் அங்கே இருந்தார்கள். வீட்டுக்கு எதிரே சிமெண்டுக் கடை வைத்திருந்த நாகராஜனுக்குப் பின்தெருவில் கோடவுன். சுற்றிப் போவானேன், நடுவில் இருக்கிற பொதுச் சந்தில் தள்ளுவண்டி விடலாமே என்று நகராட்சிக்கு மனுப் போட்டுவிட்டார். சந்தில் இருக்கிற துவைகல், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு எல்லாம் ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ்.

“சார், அது எங்க வூட்டுக்கு உள்ள இருக்கற எடம். அடுப்பங்கரைக்கும் படுக்கற ரூமுக்கும் நடுவுல வண்டி விடுவாங்களா? அக்காவுக்கு நான் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போவணும்.”

நான் பெரிய மனுஷத்தனமாக, “பாத்துருவோம் டீச்சர், ரெக்கார்டு இன்னா சொல்லுதோ அதான்” என்று சொல்லிவிட்டு ரெக்கார்டை எடுத்தேன். நகர அளவை வரைபடத்தில் இரண்டு மனைகள், இரண்டு எண்கள். நடுவில் அழகாக ஒரு சந்து, சர்க்கார் புறம்போக்கு. அளவுப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தின் அடியில் என் சுருக்கொப்பம் இருந்தது.

டீச்சர் எதிரில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, “இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும்” என்றேன்.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு அந்தத் தெருவை நான் அளந்தபோது எனக்குச் சங்கிலி பிடித்தவர் வீராசாமி. கம்மாபுரம் பக்கத்துக்காரர், வேலையில் சூரர். அந்த வழியின் வாயில் வந்ததும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

“சார், உச்சி வேள. அந்தக் கோட்டுல நான் சங்கிலி இழுக்க மாட்டேன். வூட்ல பொண்ணு முழுகாம இருக்குது.”

“யோவ், படிச்சவன் நான் சொல்றேன், முனியும் இல்ல ஒண்ணும் இல்ல.”

“அப்ப நீங்க போங்க சார், நான் இங்கேருந்து புடிக்கிறேன்.”

நான் போகவில்லை. வழியின் வாயில் நின்று எட்டிப் பார்த்தேன். அந்தக் கோடியில் பின்தெரு தெரிந்தது, ஒருவர் சைக்கிளில் போனார். முன்பக்கம் அகலத்தை அளந்து, பின்தெருவுக்குச் சுற்றிப்போய் அங்கேயும் அளந்து, இரண்டு புள்ளிகளையும் காகிதத்தில் சேர்த்துவிட்டேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ‘சந்து’ என்று எழுதி, டிபன் பொட்டலத்தைப் பிரித்தேன். வீராசாமியின் பயத்துக்கு மரியாதை கொடுத்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே பயமா, சோம்பலா, பசியா? இன்றுவரை தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் தெய்வநாயகம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவந்திபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். தலையில் ஈரத் துண்டு, பையில் இரண்டு பேனா. மனை அளந்து முடிகிறவரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். அவருக்கு ஒரே சட்டம். அளவுப் புத்தகத்தில் கண் பார்த்ததும் சங்கிலி சொன்னதும்தான் இருக்க வேண்டும், காது கேட்டது ஒரு வரி இருக்கக் கூடாது. ஊரார் சொல்வதைக் கேட்டுக்கொள்வார், தனியாக ஒரு சின்ன நோட்டில் குறித்தும் வைப்பார், ஆனால் அது ஆபீஸுக்குள் வராது. நாங்கள் தப்பு செய்தால் திட்ட மாட்டார். புத்தகத்தைத் திறந்து, தப்பான வரியின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நம் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டி வாங்கியிருந்தால் சாயங்காலம் மறந்திருக்கும். அந்தப் பென்சிலை வீடுவரை சுமந்துகொண்டு போவோம்.

டீச்சரின் மனுவைப் படித்துவிட்டு அவர், “இத அளந்தது யாருப்பா?” என்றார்.

“நான்தான் சார்.”

“நல்லதாப் போச்சி. நீயும் வா.”

தணிக்கைக்குப் போன அன்று பத்து மணிக்கே போய்விட்டோம். நாகராஜனும் வந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். “சந்துன்னு உங்க படத்துலதானே சார் போட்டிருக்குது, நானா வரைஞ்சேன்?” என்றார். நியாயம்தானே? நான் வானத்தைப் பார்த்தேன்.

சார் முதலில் வெளிப்புறம் முழுக்க அளக்கச் சொன்னார். பிறகு வழியின் தரையில் ஓரிடத்தில் முழம் ஆழத்துக்குத் தோண்டச் சொன்னார். தெருவாக இருந்திருந்தால் எந்தக் காலத்திலாவது சரளை கொட்டியிருப்பார்கள், அடியில் அது இருக்கும் என்பது அவர் எண்ணம். சரளை இல்லை. சுண்ணாம்புத் தளமும், அதன் கீழே களிமண்ணும் இருந்தன. வீட்டுக் கொல்லையிலும் தோண்டிப் பார்த்தோம், அதே களிமண். எனக்கு அங்கே ஒரு குழப்பம் சேர்ந்தது. நடுவில் மட்டும் பழைய வாய்க்கால் ஏதாவது ஓடி, மண் இளகி, அதனால்தான் அந்தக் காலத்தில் சுவர் விழுந்திருக்கும் என்று மனதுக்குள் முனியை ஒழித்து வைத்திருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே மண் என்றால் சுவர் ஏன் மூன்று தடவை விழுந்தது? நான் சாரைப் பார்த்தேன். அவர் தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

எல்லாம் முடிந்து வழிக்குள் போகும்போது மணி பன்னிரண்டு. சார் நேரம் பார்த்துச் செய்தாரா, தானாக அமைந்ததா, அதுவும் தெரியாது. அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். பாதி தூரத்தில் சிலுசிலுவென்று ஒரு காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற வழியில் காற்று வராமல் வேறெங்கே வரும்? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கை மயிர் மட்டும் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

உள்ளே நடந்தால்தான் ஒன்று கண்ணில் படும். வழியின் இரண்டு பக்கமும் மும்மூன்று கதவுகள், ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தன. சமையலறைக்கு எதிரே கூடம், தண்ணீர் அறைக்கு எதிரே படுக்கை அறை என்று, ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்குமோ அப்படி. சார் ஒவ்வொரு கதவையும் திறந்தார், மூடினார். ஆறு கதவுக்கும் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. ஆறும் ஒரே மாதிரி, கடையில் வாங்கியவை. அவர் நகத்தால் நிலையைத் தடவிக்கொண்டே போனார்.

“டீச்சர், இந்தத் தாப்பா எப்ப போட்டது?”

“பன்னெண்டு வருசம் ஆவுது சார்.”

“அதுக்கு முந்தி?”

“எதுவும் கெடையாது. வூட்டுக்குள்ள இருக்கற கதவுக்குத் தாப்பா எதுக்குன்னு வுட்டுட்டாங்க.”

சார் தாழ்ப்பாளுக்குக் கீழும் மேலும் குனிந்து பார்த்தார். பழைய தேக்கில் வேறு எந்த ஆணித் துளையும் இல்லை. ஆனால் தெருவைப் பார்த்த இரண்டு தலைவாசல்களிலும் கை தடிமனுக்குக் குறுக்குக் கட்டை, அந்தக் காலத்துப் பூட்டு எல்லாம் இருந்தன.

“எவனாவது பொதுச் சந்தப் பாத்து ஆறு கதவு வச்சி, தாப்பா இல்லாம வுடுவானா?” என்று சார் மெதுவாகச் சொன்னார். நாகராஜன் தலையைச் சொறிந்தார். பிறகு சார் டீச்சர் பக்கம் திரும்பி, “அப்பறம் ஏம்மா போட்டீங்க?” என்றார்.

“பயமா இருந்துச்சி சார்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற டீச்சரையும் மண்டிக்காரரின் முனி விடவில்லை பார், என்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போல இருக்கிறது.

மறுநாள் என் மேஜையில் அளவுப் புத்தகம் திறந்திருந்தது. என் சந்தின் மேல் பென்சில் படுத்திருந்தது.

பதிவைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் அளந்தவன் விளக்கம் எழுத வேண்டும். நான் எழுதினேன். சங்கிலி பிடித்தவர் உள்ளே வர மறுத்ததால் நேரில் நடந்து அளக்க இயலவில்லை என்று எழுதினேன். வீராசாமி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, அவர் வந்து மறுக்கப் போவதில்லை. சார் படித்தார்.

“சங்கிலி புடிக்கறவன் வரலன்னா சர்வேயர் நடக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்குதா சுப்ரமணி?”

“இல்ல சார்.”

“அப்ப நீ ஏன் நடக்கல?”

இரண்டாவது தடவை மழை என்று எழுதினேன். அது சித்திரை மாதம் என்று புத்தகத்திலேயே தேதி இருந்தது. சார் அதையும் திருப்பித் தந்தார். மூன்றாவது தடவை, கதவை மூடிக்கொண்டு, ‘முனிப்பாய்ச்சல் என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு, உச்சி வேளையில் உள்ளே செல்லத் தயங்கி, நடந்து பார்க்காமல் சந்து என்று பதிந்துவிட்டேன்’ என்று எழுதி ஒப்பமிட்டேன். காது கேட்டது ஒரு வரி வரக்கூடாது என்று இருபது வருடம் சொன்ன மனிதர், அந்தத் தாளை வாங்கி அவரே கோப்பில் கோத்தார்.

“இப்பதான் இது சர்வே ரெக்கார்டு” என்றார். பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆபீஸில் ஒரு வருடம் ‘முனி சர்வேயர்’ என்று பெயர். அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை என்று கோப்பு நடந்து நடந்து, 2009இல் உத்தரவு வந்தது. சந்து என்ற பதிவு நீக்கப்பட்டது, முழுவதும் ஒரே வீடு, ஒரே எண். தெய்வநாயகம் சார் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். உத்தரவு நகலைத் தபாலில் அனுப்பினால் போதும். என்னவோ, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் போல இருந்தது. நல்ல பெயர் வாங்கும் ஆசைதான், வேறென்ன.

டீச்சர் படுக்கை அறையில் மேரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். உத்தரவை வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது. பிறகு எழுந்து, தெருவில் யாரையோ கூப்பிட்டு, “ஆசாரிய ஒடனே வரச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் கதவு போடணும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “டீச்சர், வழிய அடைச்சா… முனி…?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “இன்னா சார் நீங்களும்? அப்பா செத்த வருசமே நான் கதவு போட மனு குடுத்தேன். பொம்பளைங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறோமே. அப்ப நகராட்சியில, புது சர்வேல இது பொதுச் சந்து, கதவு போடக் கூடாதுன்னுட்டாங்க. நம்மளதுன்னு சொல்லிப் பாத்தேன். படத்தக் காட்டுனாங்க. படத்துக்கு மேல நான் இன்னா பேச முடியும்?”

“தாப்பா போட்டதும் அந்த வருசந்தானா?”

“ஆமா. சந்துன்னு ஊருக்குத் தெரிஞ்சதும் முனியாவது ஒண்ணாவது, கண்டவனும் உள்ள வர ஆரம்பிச்சிட்டான். குடிச்சிட்டு வந்து செவுத்துல ஒதுங்குவான். அதான் தாப்பா போட்டேன். நான் ஸ்கூலுக்குப் போனா அக்கா ஒண்டியா இருக்கும். அந்தப் பக்கம் போவப் பயந்துக்கிட்டு, தாப்பாளப் போட்டுக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்காம கட்டில்லயே உக்காந்திருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல சார். உக்காந்து உக்காந்தே காலு ரெண்டும் சூம்பிப் போச்சி.”

தணிக்கையன்று தாழ்ப்பாளுக்குப் பன்னிரண்டு வருடம் என்று அவர் சொன்னது, நான் அந்தத் தெருவை அளந்த அதே வருடம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உத்தரவின் நகலைப் பார்த்தேன். அதில் ‘கள அளவையில் நேர்ந்த பிழை’ என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. எழுந்து வந்திருக்கலாம்.

“டீச்சர், அத அளந்தது நான்தான். உள்ள வந்து பாக்காம, வாசல்லயே நின்னு எழுதிட்டேன்.”

டீச்சர் கையிலிருந்த காகிதத்தை மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் இருந்த மேரியம்மா அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போர்வைக்குள் அசையாத காலை ஒரு கையால் நகர்த்தி வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

“நாப்பது அடிதானே சார். நடந்திருக்கலாமே.”